சுவர் யாருடையது? மாணவர் அறை அலங்காரத் தொழில் தொடங்கும் முன்

கல்லூரி திறக்கும் பருவம் வந்தால் இந்தக் கதையும் கூடவே வந்துவிடுகிறது. டிகிரி முடித்த இரண்டு மூன்று நண்பர்கள் சேர்கிறார்கள். வீட்டில் கெஞ்சி வாங்கிய பணத்தோடு சௌகார்பேட்டை காசி செட்டித் தெருவுக்குப் போய் ஃபேரி லைட், பிளாஸ்டிக் கொடி, ஒட்டும் வால்பேப்பர், போஸ்டர் என்று பெட்டி பெட்டியாக இறக்குகிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, ஹாஸ்டல் அறையை அழகாக்கித் தருவதாக அறிவிக்கிறார்கள். லைக் குவிகிறது. ‘எனக்கும் வேணும்’ என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். முதல் ஆர்டருக்குப் போனால் வார்டன் கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார். உள்ளே விட்டாலும் நிம்மதியில்லை. பிள்ளைகள் காலி செய்யும்போது வால்பேப்பரோடு பெயிண்டும் பெயர்ந்து வருகிறது, வீட்டு ஓனர் அட்வான்ஸில் கை வைக்கிறார், அந்தப் பிள்ளையின் அப்பா இவர்களுக்கு போன் போட்டுத் திட்டுகிறார். மிச்சச் சரக்கு கட்டிலுக்கு அடியில் தூங்குகிறது.

யோசனையில் குறையில்லை. வெறும் நான்கு சுவரும் ஒரு டியூப் லைட்டும் உள்ள அறையில் வருடக்கணக்கில் இருக்கப்போகிற பிள்ளைகள் கொஞ்சம் செலவழிக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழில் ஓடுமா ஓடாதா என்று பார்க்கும் முறைதான் தப்பு. எல்லோரும் மாணவரிடம் போய் ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்கிறார்கள். மாணவர் அந்த அறையில் இருப்பவர், அவ்வளவுதான். சுவர் வேறொருவருடையது. கேள்வியை முதலில் சுவருக்குச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும்.

எனவே சரக்கு வாங்குவதற்கு முன்பே நீங்கள் இறங்க நினைக்கும் பகுதியில், அது பீளமேடோ கேளம்பாக்கமோ, விடுதி நடத்துபவர்களையும் மாணவர்களுக்கு வீடு விடும் ஓனர்களையும் நேரில் போய்ப் பாருங்கள். ஆணி அடிக்கலாமா, டேப் ஒட்டலாமா, கூடுதல் லைட் போடலாமா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி’ என்று வாயால் சொல்வதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலி செய்யும் நாளில் அந்த வார்த்தை அவருக்கு ஞாபகம் இருக்காது. எழுதி வாங்குங்கள்.

அந்தத் தாள் ஒரு பக்கம் போதும், முத்திரைத்தாளெல்லாம் தேவையில்லை. தேதி, கட்டட முகவரி, அறை எண், என்னென்ன பொருள், எந்தச் சுவரில், எதனால் ஒட்டப்படுகிறது, கழற்றும் தேதி, கழற்றும்போது பெயிண்ட் பெயர்ந்தால் சரிசெய்வது யார், எந்தத் தொகை வரை என்ற விவரங்கள் இருக்க வேண்டும். கீழே ஓனர் அல்லது விடுதி நிர்வாகி, மாணவர், நீங்கள் என மூன்று கையெழுத்து. வேலை தொடங்குமுன் நான்கு சுவரையும் போனில் படமெடுத்து மூவரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசலுக்கும் ஈரக்கறைக்கும் நீங்கள் தண்டம் கட்டாமல் இருக்க அந்தப் படம் ஒன்றே சாட்சி.

ஒரு சின்னச் சோதனையும் சொல்கிறேன். நம் ஊர் விடுதிகளில் பல இடங்களில் வெள்ளைச் சிமென்ட்டோ டிஸ்டெம்பரோதான் அடித்திருப்பார்கள். இரட்டைப் பக்க டேப் அதன்மேல் ஒட்டும், எடுக்கும்போது தோலையே உரித்துக்கொண்டு வரும். கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் ஒரு விரல் அகல டேப்பை ஒட்டி, ஒரு வாரம் கழித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். மாவு போல் உதிர்ந்தால் அந்தச் சுவரில் எதையும் ஒட்டாதீர்கள். துணித்திரை, நிற்கும் ஸ்டாண்ட், மேசை விளக்கு, கம்பளம் என்று சுவரைத் தொடாத பொருளாகக் கொடுங்கள். உங்கள் முதல் பேக்கேஜே அப்படி இருப்பது நல்லது.

மாணவர்கள் சேர்ந்து வீடெடுத்துத் தங்கும் இடங்களில் சட்டம் கொஞ்சம் துணைக்கு வரும். 2017-ஆம் ஆண்டு இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்து சாவியைக் கொடுத்தால், நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் இந்தச் சட்டத்தின் கீழுள்ள அமைப்பில் மனு கொடுக்கலாம். எழுத்தில் ஒப்பந்தமே போடாமல் தலையாட்டிவிட்டுக் குடிபோனவர்கள் அங்கே போய் எதைக் காட்டுவார்கள்? உங்கள் வாடிக்கையாளரிடம் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டு ஒருமுறை வாசித்துவிட்டே வேலையை எடுங்கள்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதே இல்லை. முதலாண்டுப் பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு 17 வயதுதான். 18 நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வரும் விதி, 1903-இலேயே பிரிவி கவுன்சில் உறுதிசெய்தது. அந்தப் பிள்ளை மீதித் தொகை தரவில்லையென்றால் நீங்கள் எங்கும் போய்க் கேட்க முடியாது. அப்பாவோ அம்மாவோ பெயரில் ஆர்டர் எடுங்கள், அவர்கள் எண்ணிலிருந்தே ‘சம்மதம்’ என்று செய்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உண்மையான சோதனை. மூன்றே அறைகளை எடுங்கள், மூன்றும் முன்பணம் வாங்கிய அறைகளாக இருக்கட்டும். ஓசியில் செய்து கொடுத்து ‘சூப்பர்’ வாங்கினால் ஓசிக்கு ஆள் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 2,500 ரூபாய் பேக்கேஜ், பொருள் 1,200, ஆட்டோ 300, அரை நாள் இரண்டு ஆள். கையில் 1,000 நிற்கிறது என்று தோன்றும். பத்தாம் நாள் லைட் எரியவில்லை என்று கூப்பிடுவார்கள், போய்வர இன்னொரு ஆட்டோ. இந்தத் திரும்பப் போகும் செலவைக் குறித்துவைக்காமல் லாபம் பேசாதீர்கள். பொறியியல் கலந்தாய்வு முடிந்து பிள்ளைகள் விடுதிக்கு வருவது ஆகஸ்ட், செப்டம்பர். காலி செய்வது ஏப்ரல், மே. நடுவில் உங்களுக்கு என்ன வேலை என்பதற்கும் விடை வேண்டும். சரக்கை விற்காமல் வாடகைக்கு விடலாமா என்று மூன்றில் ஓர் அறையில் பார்த்துவிடுங்கள்.

மின்சாரத்தில் மட்டும் தயவுசெய்து விளையாடாதீர்கள். 2024 செப்டம்பர் 12 அதிகாலை மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். பழைய வயரிங், குறுகிய படிக்கட்டு, ஓர் அறையில் நாலைந்து பேர் என்பதுதான் நிறைய விடுதிகளின் நிலை. அங்கே ஒரே பிளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டு, தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ, நைலான் திரை மேல் சீரியல் லைட்டைச் சுற்றிவிட்டு வருவது அலங்காரமல்ல, ஆபத்து. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அது உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும். எண் இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முடிந்தவரை யு.எஸ்.பி. அல்லது பேட்டரியில் எரியும் விளக்குகளையே கொடுங்கள். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், தெர்மாகோலும் வயரும் ஒரே சுவரில் இருக்கக் கூடாது.

பெண்கள் விடுதியாக இருந்தால் பெண்களே உள்ளே போய் வேலை செய்யட்டும், வார்டன் உடனிருக்கட்டும், போய்வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பின்னாளில் அந்த அறையில் ஏதாவது கேமரா கிடந்தது என்று புகார் வந்தால் போலீஸ் முதலில் தேடுவது கடைசியாகச் சுவரில் கை வைத்தவர்களைத்தான். முடித்த அறையின் படத்தை இன்ஸ்டாவில் போடவும் எழுத்துச் சம்மதம் வேண்டும். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் கட்டாயம். சந்தேகமிருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். உரிமம் இல்லாத விடுதியில் வேலை எடுத்தால் ஒரு நாள் சீல் வைப்பார்கள், உங்கள் சரக்கும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

போஸ்டர் விஷயத்தில் ஒரு வார்த்தை. பின்டரஸ்ட்டில் இறக்கிய அனிமே படத்தையும் சினிமா ஸ்டில்லையும் பிரிண்ட் போட்டு விற்பது பதிப்புரிமை மீறல். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ‘எல்லாரும் விக்கிறாங்க’ என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது. ஓவியக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் காசு கொடுத்து வரையவைத்து, எழுத்தில் உரிமை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பதிவு. இதில் ஏமாறுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபமே வருகிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதார், பான் இரண்டும் போதும், எந்த ஆவணத்தையும் பதிவேற்றத் தேவையில்லை. ஆனால் கூகுளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே முகம் வைத்த தனியார் தளங்கள் வந்து நின்று பணம் கறக்கின்றன. முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே விரலை வையுங்கள். ஜி.எஸ்.டி. பதிவுக்கும் அரசுக் கட்டணம் இல்லை. பொருளும் சேவையும் கலந்த உங்கள் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக அந்தப் பதிவே தேவைப்படாது.

உத்யம் படிவத்தில் தொழில் வகையைக் குறிக்கும் இடத்தில் கவனம் தேவை. பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்தில் ‘வியாபாரம்’ என்று தட்டிவிடுவார். வியாபாரிகளுக்கு உத்யம் தருவது வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டுமே. நீங்கள் வடிவமைப்புச் சேவை என்ற பிரிவில் வர வேண்டும், தேசியத் தொழில் வகைப்பாட்டில் 7410. காரணம் இதுதான்: நாளைக்கு ஒரு விடுதி உரிமையாளர் இருபது அறைகளை மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு இழுத்தடித்தால், 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இதற்கென வசதியாக்கக் குழுக்கள் இருக்கின்றன. மனுவோடு உத்யம் சான்று, ஆர்டர் தாள், பில், வேலை முடிந்ததாக அவர் போட்ட கையெழுத்து எல்லாம் வேண்டும். பதிவு வேலையை எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவது உதவாது.

சட்டம் உங்கள் மேலும் பாயும் என்பதையும் மறக்காதீர்கள். பில் கொடுக்காமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். மாணவர் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டால் போதும். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் அவருக்குக் கட்டணம்கூடக் கிடையாது. கையால் எழுதிய பில்லாக இருந்தாலும் கொடுத்துவிடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மோசடிக்காரர்களுக்கும் புதுத் தொழில்காரர்களை நன்றாகத் தெரியும். ‘மகள் ஹாஸ்டல் அறைக்கு முழு அலங்காரம் வேணும், முன்பணம் அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்பார்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் போடவே தேவையில்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகிறது. இன்ஸ்டாவில் பார்த்த ‘ஹோல்சேல்’காரருக்கு முழுப் பணமும் அனுப்பிவிட்டுச் சரக்கு வராமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க யு.டி.ஆர். எண்ணைக் கையில் வைத்திருங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. காவல் நிலையத்தில் ‘நாளைக்கு வாங்க’ என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கடனைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை, சோதனைக் கட்டத்துக்கு அதுவே அதிகம். 10 லட்சம் வரையிலான முத்ரா கடனுக்கு வீட்டுப் பத்திரமோ நகையோ அடமானம் கேட்கக் கூடாது. ஆனாலும் சில கிளைகளில் மேலாளர்கள் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். கேட்டால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லி, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். கடன் செயலிகள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

மூன்று அறை முடித்து, மூன்று ஓனர்களின் கையெழுத்தும் செலவுக் கணக்கும் கையில் இருந்தால் உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். திட்ட அறிக்கை எழுத உதவுவதும், எந்த மானியத் திட்டம் பொருந்தும் என்று சொல்வதும் அவர்கள் வேலை, அதற்குக் காசு கிடையாது. வாசலில் நிற்கும் புரோக்கரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.