ஆசிரியரை யாருக்காக உருவாக்குகிறோம்? திருமுக்கூடலிலிருந்து பெரும்பாக்கம் வரை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், உத்திரமேரூர் வட்டத்துத் திருமுக்கூடல் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அது, அங்கிருந்த ஒரு கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும் விவரிக்கிறது. ஆசிரியருக்கு எவ்வளவு நெல், மாணவருக்கு எவ்வளவு எண்ணெய் என்பதுவரை கணக்கு உண்டு. கற்பிக்கப்பட்டவை ரிக், யசுர் வேதங்களும் வியாகரணமும் ஆகமங்களும். தமிழர் கல்விப் பெருமைக்குச் சான்றாக இக்கல்வெட்டைக் காட்டுவோர், அக்கல்வி யாருக்குரியதாக இருந்தது என்பதைச் சொல்வதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி எனும் சொற்கள் இடம்பெற்றதும் அதே நூற்றாண்டில்தான்.

ஆசிரியரை உருவாக்கும் எந்த ஏற்பாடும், அவர் முன் அமரப்போகும் மாணவர் யார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. இன்றைய பி.எட். படிப்பையும் இக்கேள்வியோடுதான் அணுக வேண்டும்.

திருமுக்கூடல் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டமே இதற்கொரு முன்வரலாற்றையும் தருகிறது. அம்மாவட்ட ஆட்சியர் டிரமன்கீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து 1891-இல் எழுதிய அறிக்கை, நிலம் பற்றியது மட்டுமன்று. அது எழுப்பிய விவாதத்தை அடுத்து 1893 பிப்ரவரியில் சென்னை அரசு பஞ்சமர் கல்வி குறித்த ஆணையை வெளியிட்டது. சேரிகளில் பள்ளி, பள்ளிக்கான நிலம் ஆகியவற்றோடு, ஆசிரியப் பயிற்சி பெறும் பஞ்சம மாணவர்க்குக் கூடுதல் உதவித்தொகையும் அதில் இடம்பெற்றது. சாதி இந்து ஆசிரியர் சேரிக்குள் கால்வைக்க மறுத்த காலம் அது. கட்டடம் கட்டினால் மட்டும் பள்ளி நடந்துவிடாது, அம்மக்களிடமிருந்தே ஆசிரியர் எழ வேண்டும் என்ற புரிதல் அவ்வாணையில் இருந்தது. அடுத்த ஆண்டு, 1894-இல், ஆல்காட் அடையாற்றை ஒட்டிப் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் ஒடுக்கப்பட்டோர் தலைவராக உயர்ந்த எம்.சி. ராஜா, சென்னையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர், பாடநூல்கள் எழுதியவர்.

இனி நிகழ்காலம். 2008-இல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின்கீழ் மாநிலத்தின் பி.எட். கல்லூரிகள் இயங்குகின்றன, பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் படிப்பை ஈராண்டாக்கி, இருபது வாரப் பள்ளி அனுபவத்தைக் கட்டாயமாக்கின: முதலாண்டில் நான்கு வாரம், இரண்டாமாண்டில் பதினாறு வாரம். ஏட்டளவில் இது முன்னேற்றமே. ஆனால் அந்தப் பதினாறு வாரத்தை எந்தப் பள்ளியில் கழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்கு அருகில், கல்லூரிக்கு அருகில் என வசதியே பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது. பாடத்திட்டக் குறிப்பேடுகள் நிரம்புகின்றன. வகுப்பறையை அறிந்துகொள்ளும் வேலை பின்னுக்குப் போகிறது.

சென்னையின் கண்ணகி நகரையோ பெரும்பாக்கத்தையோ எடுத்துக்கொள்வோம். நகரின் நடுவிலிருந்து வெளியேற்றப்பட்டு மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர்; அவர்களில் தலித் பிள்ளைகள் மிகுதி. கல்வியாண்டின் நடுவில் குடிசை இடிக்கப்பட்டால், பிள்ளை பழைய பள்ளியை இழந்து, புதிய பள்ளியில் பாதிப் பாடத்தில் வந்து அமர்கிறது. வீட்டுவேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் விடியலில் கிளம்பிவிடும் பெற்றோரை, 'பிள்ளைமேல் அக்கறையில்லாதவர்கள்' என்று படிப்பது எளிது. அந்த வாசிப்பைத் திருத்துவதுதான் நகரப் பள்ளிக்கான ஆசிரியப் பயிற்சியின் முதல் பாடம். கற்றல் உளவியல் தாளில் மதிப்பெண் பெறுவதால் அது வந்துவிடாது.

பயிற்சி பெற்றிருப்பதாலேயே சாதி அகன்றுவிடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த குற்றச்சாட்டில், 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் கைதானார். தலைமை ஆசிரியர் எவரும் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் அந்த நாற்காலிக்கு வருவதில்லை. நாங்குநேரி வன்முறைக்குப்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இந்த இடத்தைத் தொட்டது. ஆசிரியர் தேர்வில் சமூகநீதி குறித்த மனப்பான்மையையும் கருத வேண்டும், பி.எட். பாடத்திட்டத்தையும் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் பாடத்திட்டத்தையும் திருத்த வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றிய பரிந்துரை தொலைக்காட்சி விவாதங்களை நிறைத்தது. இவை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

பணமும் இங்கே ஒரு கேள்வி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2003-இல் தொடங்கிய ஆசிரியர் உறைவுப் பயிற்சியில், பயிற்சியாளர் ஓராண்டு முழுவதும் அந்நகரப் பள்ளியிலேயே அனுபவமிக்க ஆசிரியருடன் பணிபுரிகிறார், உதவித்தொகையும் பெறுகிறார். நம்மிடம் மருத்துவப் பயிற்சி மாணவருக்கு உதவித்தொகை உண்டு. ஆசிரியப் பயிற்சி மாணவருக்கு இல்லை. 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவரின் கட்டணச் சுமையை ஏற்றது பெரும் உதவி. எனினும் திருமுக்கூடலின் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர், பெரும்பாக்கத்தில் பதினாறு வாரம் தங்கிப் பயிற்சி பெற விரும்பினால், அறை வாடகையும் உணவும் அவர் பொறுப்பே. 1893-இன் காலனிய அரசு கண்ட தேவையை, இன்றைய பயிற்சித் திட்டம் கணக்கில் எடுக்கவில்லை.

பி.எட். பயிலும் தோழர்கள் செய்யக்கூடிய ஒன்றுண்டு. கடந்த மூன்றாண்டுகளில் தம் கல்லூரி எந்தெந்தப் பள்ளிகளுக்குப் பயிற்சி மாணவரை அனுப்பியது என்ற பட்டியலைக் கேட்டுப் பெறலாம். அதில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எத்தனை, மறுகுடியமர்வுப் பகுதிப் பள்ளிகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.