மாலை கழற்றிய மறுநாள்

இருபது முப்பது ஆண்டுகளாகப் பீடி, சிகரெட் பிடித்தவர் அதை விடுவதென்றால், எல்லாம் மன உறுதியில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவது வழக்கம். உறுதி வேண்டும்தான். ஆனால் விட்டவர் விட்டபடியே இருப்பாரா என்பது அவர் வீட்டில் என்ன நடக்கிறது, வேலையிடத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள பள்ளிப்பட்டு வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதிகளில் விசைத்தறி முக்கியமான பிழைப்பு. தறி ஓடும் கொட்டகைக்குள் நூலும் பஞ்சுத் தூசியும் கிடக்கும். உள்ளே நெருப்பு ஆகாது. பிடிக்கிறவர் வெளியேதான் வர வேண்டும். கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒரே நொடியில் நிற்கும், ஆட்களும் ஒன்றாகவே வெளியே வருவார்கள். பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறும்வரை கிடைக்கிற ஓய்விலும் அப்படித்தான். காதைப் பிளக்கும் சத்தம் சட்டென்று அடங்கும் அந்த நேரத்தில், டீயோடு ஒரு பீடி. பல ஆண்டுகள் இப்படிப் போனபின், தறிச் சத்தம் நின்றாலே கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குக் கேட்டுக்கு வெளியே இருக்கும் பெட்டிக்கடை இதே வேலையைச் செய்கிறது.

உடலுக்குள் நடப்பது சுருக்கமானது. இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். இரவு முழுவதும் இறங்கிக்கொண்டே வருவதால்தான் காலை எழுந்ததும் வரும் முதல் பீடி அவ்வளவு ‘தேவை’யாகத் தோன்றுகிறது. ‘பீடி வெறும் இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை’ என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. பீடி இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போகும் நிகோடினும் தாரும் சிகரெட்டுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

இந்த மாவட்டத்துக்கென்றே ஒரு சான்று உண்டு. சென்னை சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் எனப்பட்ட நிறுவனத்தைச் சேர்ந்த கோலப்பன், கோபி இருவரும் திருவள்ளூர் மாவட்டத்து ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2002இல் ‘தோராக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியானது. புகைப்பவர்களுக்கு நுரையீரல் காசநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப்போல் இருமடங்குக்கும் மேல் என்று அது கண்டது. ஒரு நாளைக்குப் பிடிக்கும் எண்ணிக்கையும், பிடித்த ஆண்டுகளும் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடியது. அடுத்த ஆண்டு ‘லான்செட்’ இதழில் வந்த வேந்தன் கஜலட்சுமி குழுவினரின் ஆய்வு இன்னும் பெரியது. தமிழ்நாட்டில் இறந்த சுமார் 43,000 ஆண்களின் விவரங்களை அது ஆராய்ந்தது. காசநோயால் இறந்த ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் சாவுக்குப் புகைப் பழக்கமே காரணம் என்பது அதன் முடிவு. புகை என்றால் புற்றுநோய் என்று மட்டுமே நினைக்கும் ஊரில், பீடிக்கும் காசநோய்க்கும் உள்ள இந்த உறவு இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. தறிக்கொட்டகை, சிறிய வீடு, ஒரே அறையில் படுக்கை என்று வாழும் குடும்பத்தில் அப்பாவின் காசநோய் அப்பாவோடு நிற்பதில்லை.

விட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. 2016-17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விடத் திட்டமிட்டவர்கள் அல்லது விடுவதைப் பற்றி யோசித்தவர்கள். முந்தைய 12 மாதங்களில் முயன்றே பார்த்தவர்கள் 38 சதவீதத்துக்கு மேல். அப்படி முயன்றவர்களில் பெரும்பாலோர் மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் தனியாகவே முயன்றவர்கள். எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் 6 மாதம், ஓராண்டு தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

இதற்கு நேர்மாறாக ஒன்று ஆண்டுதோறும் தமிழ்நாட்டுத் தெருக்களில் நடக்கிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் பீடியைத் தொடுவதில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்களும் விரத நாட்களில் அப்படியே. நாளுக்கு இரண்டு கட்டு பிடித்தவர்கூட, மருந்தில்லாமல், மருத்துவர் இல்லாமல் நிறுத்திவிடுகிறார். நிகோடின் இல்லாத தவிப்பு முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். 41 நாள் விரதம் முடியும்போது உடலளவில் கடினமான பகுதி கடந்துபோயிருக்கும். அப்படியிருந்தும் பலர் மாலை கழற்றிய மறுநாளே பற்றவைத்துவிடுகிறார்கள்.

சாமி பயம் போனதுதான் காரணம் என்பது பாதி விளக்கம். மற்றப் பாதியைப் பார்க்க, அந்த 41 நாட்களில் அவரைச் சுற்றி என்னவெல்லாம் மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். வீட்டில் மனைவி விடியுமுன் எழுந்து குளித்துத் தனியாகச் சமைக்கிறார். பிள்ளைகள்கூட ‘சாமி’ என்கிறார்கள். கோபம் வந்தாலும் எதிர்த்துப் பேசாமல் ஒதுங்கிப்போகிறார்கள். கடைக்காரர் கேட்காமல் பீடியை நீட்டுவதில்லை, கூட வேலை செய்பவர் ‘ஒரு தம் போடலாம் வா’ என்று கூப்பிடுவதில்லை. குளியல், பூசை, பஜனை என்று நாளின் ஒழுங்கே வேறாகிறது. மாலை கழன்றதும் இவை எல்லாம் ஒரே நாளில் மறைந்து பழைய வீடும் பழைய டீக்கடையும் திரும்பி வருகின்றன. விரதத்துக்கு முடிவுத் தேதியும் முதலிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்தின் துணை என்று ஒன்று உண்டென்றால், அது இந்த மண்டலத்தில் கிடைக்கும் ஏற்பாடுகளை மாலை கழன்ற பிறகும் தொடர்வதுதான்.

ஆராய்ச்சிகளும் இதற்கு இசைவாகவே பேசுகின்றன, ஒரு எச்சரிக்கையோடு. அமெரிக்காவின் பிராமிங்காம் நகரத்து ஆய்வுத் தரவுகளை வைத்து நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் பவுலர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, கணவன் மனைவியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைவதாகக் காட்டியது. நண்பர் விட்டால் 36, உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவீதம். சிறிய நிறுவனங்களில் கூட வேலை செய்பவர் விட்டால் 34 சதவீதம். அண்ணன் தம்பியைவிடத் தறிக்கொட்டகைக் கூட்டாளிக்குச் செல்வாக்கு அதிகம் என்று இதை வாசிக்கலாம். எச்சரிக்கை இதுதான்: துணைவருக்கு ‘எப்படி ஆதரவாக இருப்பது’ என்று பாடம் நடத்திய சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, அந்தப் பயிற்சியால் விடுபவர்களின் எண்ணிக்கை கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்கிறது. நல்ல வார்த்தையை மட்டும் நம்பிப் பயனில்லை. சூழல் மாறியாக வேண்டும்.

கேரளத்தில் கே. ஆர். தங்கப்பன், மார்க் நிக்டர் முதலியோர் நடத்திய ‘புகையில்லா வீடு’ முயற்சி இந்த இடத்திலிருந்தே தொடங்கியது. வீட்டுக்குள் பிடிக்காதீர்கள் என்று கணவரிடம் கெஞ்சிப் பார்த்துத் தோற்ற பெண்கள் அங்கும் ஏராளம். ஒருத்தி தனியாகக் கேட்டால் அது கணவன் மனைவி சண்டை. ஊரே சேர்ந்து முடிவெடுத்தால் ஊர் வழக்கம். அதனால் மகளிர் குழுக்களையும் ஊர்ப் பெரியவர்களையும் சேர்த்து, வீடுகளில் புகை கூடாது என்று ஊராகவே முடிவெடுக்க வைத்தார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் தமிழ்நாட்டில் இதைச் செய்வது எளிது. வீட்டில் தடை இருப்பவர்கள் பிடிக்கும் எண்ணிக்கை குறைவதும், விட முயல்வது கூடுவதும் பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது.

வீட்டார் செய்யக்கூடியதில் முதல் வேலை தேதி குறிப்பது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா என்ற பழைய வாதத்துக்கு இங்கிலாந்தில் நடந்து 2016இல் வெளியான ஒரு சோதனை விடை தந்தது. ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் 4 வாரம் தாண்டினார்கள், குறைத்துக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். குறித்த தேதிக்கு முந்தைய இரவே பீடிக் கட்டு, தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் வீட்டைவிட்டுப் போக வேண்டும். புகை வாடை ஏறிய சட்டை, போர்வை துவைக்கப்பட வேண்டும். முதல் மூன்று நாள் சிடுசிடுப்பும் தூக்கமின்மையும் இருக்கும்; பசி கூடும். அந்த நாட்களில் கடன், கல்யாணம், சொத்துப் பேச்சை எடுக்காமலிருப்பது பெரிய உதவி. வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒன்றும் உண்டு: பலருக்குக் காலைக்கடன் பீடியோடு பிணைந்துவிட்டது. விட்ட சில நாட்களுக்கு மலச்சிக்கல் வருவது உண்மைதான். ‘இதுக்காகவாவது ஒண்ணு’ என்று மீண்டும் தொடங்குவது இங்கேதான். வெறும் வயிற்றில் வெந்நீர், கீரை, கொய்யா, வாழைப்பழம் என்று வீட்டிலேயே இதைச் சமாளிக்கலாம். சில வாரங்களில் சரியாகிவிடும்.

செய்யக் கூடாதவை இன்னும் முக்கியம். வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை மோந்து பார்ப்பது, ‘என்னங்க, இன்னைக்கு எத்தனை?’ என்று தினமும் விசாரிப்பது, உறவினர் முன்னால் ‘இவராவது விடறதாவது’ என்று சொல்வது. இவற்றால் பழக்கம் போவதில்லை, ஒளிந்து பிடிக்கும் திறமைதான் வளர்கிறது. காசுக் கணக்குச் சொல்லித் திருத்தும் வழியும் பீடிக்காரரிடம் அவ்வளவாக எடுபடாது. ஒரு கட்டின் விலை அப்படி. பேத்தியைத் தூக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதது அதைவிட வலுவாக வேலை செய்யும்.

வேலையிடத்தில் வீட்டார் நேராக எதுவும் செய்ய முடியாது என்று தோன்றலாம். ஒரே கொட்டகையில் ஓட்டும் மச்சான், பங்காளி யாராவது இருந்தால் இருவரையும் ஒரே தேதியில் நிறுத்த வைக்கலாம். கரண்ட் போகும் நேரத்தில் சுக்குமல்லிக் காபி பிளாஸ்க்கும் வறுகடலையும் கையில் இருந்தால் கடைப் பக்கம் போக வேண்டியதில்லை. பீடியை விட்டு வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுவது விடுவதாகாது. நிகோடினும் தொடர்கிறது, வாய்ப்புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது.

மருந்தைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. நிகோடின் சூயிங்கத்தில் 2 மில்லிகிராம் அளவுள்ளது மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. பலர் இதைச் சாதாரண சூயிங்கம்போல் மென்று, தொண்டை எரிந்து, பயனில்லை என்று துப்பிவிடுகிறார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் ஏறியதும் மெல்வதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் திரும்ப மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்கு முந்தைய 15 நிமிடமும் வாயில் இருக்கும்போதும் காபி, சோடா, கலர் குடிக்கக் கூடாது. வாயில் அமிலம் இருந்தால் நிகோடின் ஏறாது. வரெனிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகளை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். இதய நோயாளிகளும் சர்க்கரை நோயாளிகளும் எதையும் கேட்டுவிட்டே தொடங்குவது நல்லது.

தமிழ்நாட்டில் இதற்கான சிகிச்சை புதிதல்ல. 2002இல் இந்தியாவில் முதலில் தொடங்கிய 13 புகையிலை விடுவிப்பு மருத்துவ மையங்களில் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இருந்தது. 2016இல் தொடங்கிய தேசிய இலவச எண் 1800 11 2356; பின்னர் பெங்களூர் நிம்ஹான்ஸ் மையமும் சேர்ந்ததால் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். இரண்டு மொழியும் புழங்கும் பள்ளிப்பட்டு வீடுகளுக்கு இது வசதி. 2018 செப்டம்பர் முதல் இந்த எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகிறது. ஆனால் பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்குகிறவர் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. எண்ணை வீட்டுக் காலண்டரில் எழுதி வைக்கும் வேலை மகளுக்கோ மருமகளுக்கோ உரியது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கல்யாண வீட்டில், ஒரு சாவு வீட்டில் ஒன்று பற்றவைக்கப்படலாம். விட்டவர்களில் மிகப் பலர் பலமுறை முயன்றே விட்டவர்கள். அன்று இரவு வீட்டில் கேட்க வேண்டியது ‘ஏன் பிடித்தாய்’ என்பதல்ல, ‘எங்கே, யாரோடு’ என்பது. அடுத்த முறை எதைத் தவிர்க்க வேண்டும் என்று அந்தப் பதிலில் இருக்கும். வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன என்பவர்களுக்கு, பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டு தொடர்ந்து கவனித்து ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் தந்த கணக்கு இருக்கிறது: 30 வயதில் விட்டவருக்கு ஆயுள் ஏறக்குறைய 10 ஆண்டு கூடுகிறது, 40இல் 9, 50இல் 6, 60 வயதில் விட்டவருக்கும் 3.