காடைக்கும் பெஸண்டுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த விஸ்கான்ஸின் மாகாணத்தில் ரைலி என்றொரு சிற்றூர் உளது. 1931-ம் வருஷத்தில் அவ்வூர்க் குடியானவர் சிலரும், அருகிலுள்ள பட்டணத்தார் சிலரும் ஒன்றுகூடி ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். அது கடன் கொடுக்கவோ, தானியம் விற்கவோ, எரு வாங்கவோ ஏற்பட்டதன்று. வயலோரங்களில் வேட்டைப் பறவைகளைப் பெருகச் செய்து, பருவத்தில் அளவோடு சுடுவதே அதன் நோக்கம். கூட்டுறவு முறை இத்தகைய காரியத்துக்கும் உதவுமோ என ஐயுறும் அங்கத்தினர்கள் அச்சங்கத்தின் வரலாற்றை அறிவது நலம்.

பெஸண்ட் என்பது கோழி இனத்தது, காட்டுக்கோழிக்கு உறவு. சேவலுக்கு நீண்ட வாலும், கழுத்தில் வெள்ளை வளையமும் உண்டு. பெட்டை சருகு நிறமானது. ஆங்கிலேயர் செம்போத்துக்கு இட்ட பெயரிலும் இச்சொல் வருமேனும், செம்போத்து முற்றிலும் வேறு ஜாதி. பெஸண்ட் அமெரிக்காவுக்குரியதுமன்று, ஷாங்காய் நகரில் தூதராயிருந்த ஓவன் டென்னி என்பவர் சீனத்திலிருந்து அனுப்பியவை 1882-ல் ஆரிகன் மாகாணத்தில் நிலைபெற்றன. காடையோ அந்நாட்டிற்கே உரியது. அதன் கூவலைக் கொண்டு அதனைப் பாப்வைட் என்பர். நம் காடையினின்று வேறான குடும்பத்ததாயினும், உருவிலும் ஒதுங்கி வாழும் பழக்கத்திலும் அதனை ஒக்கும்.

மேற்கூறிய வருஷத்தில், ஆல்டோ லியோபால்டு என்பவர் வேட்டைக்கு இடம் தேடிச் செல்கையில், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ரைலியில் ஒரு பண்ணை வீட்டில் நின்றார். 1933-ல் வேட்டைப் பிராணிகளின் பராமரிப்பைப் பற்றிப் பெயர் பெற்ற நூலொன்றை வெளியிட்டவர் இவரே. வீட்டுக்காரர் தம் குறையை எடுத்துரைத்தார். அயலார் அநுமதி கேளாமல் நிலத்தில் புகுந்து சுடுகின்றனர். பறவைகளோ வரவரக் குறைகின்றன. ஒருவருக்கு நிலமிருந்தும் காவலில்லை. மற்றவருக்குத் துப்பாக்கியிருந்தும் இடமில்லை. இவ்விரு குறைகளும் சேர்ந்தே சங்கமாயின. நிலத்தைக் குடியானவர் கொடுத்தனர். ரொக்கத்தைப் பட்டணத்தார் கொடுத்தனர். நாளடைவில் பதினொரு பண்ணைகளும் சுமார் 1,700 ஏக்கர் நிலமும் சங்கத்தில் சேர்ந்தன.

சுடுவதைக் குறைத்தால் போதாதோ, செலவெதற்கு எனக் கேட்கலாம். பெஸண்ட் விஷயத்தில் துப்பாக்கி செய்யும் கேடு சொற்பமே. ஒரு சேவல் பல பெட்டைகளுடன் கூடுமாதலால், சட்டம் பல மாகாணங்களில் சேவலைச் சுட மட்டுமே இடந்தருகிறது. தெற்கு டகோட்டாவில் நாளொன்றுக்கு ஒருவருக்கு மூன்று சேவல்கள். இவ்வாறு சேவல்களில் பெரும்பங்கு போயினும் மறு வருஷத்துக் குஞ்சுகள் குறைவதில்லை.

பெட்டையைக் கொல்வன வேறு. அது தரையில், பெரும்பாலும் வைக்கோற்புல் வயலில், பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு இருபத்துமூன்று நாள் அடைகாக்கும். முதற்புல் அறுப்பும் அதே நாட்களில் வரும். யந்திரம் நெருங்கியும் கூட்டைவிட்டு எழாத பெட்டை கத்தியில் அகப்பட்டு மடியும். சங்கிலிகள் தொங்கும் கழியொன்றை யந்திரத்துக்கு முன் கட்டிப் பறவைகளை எழுப்ப முயன்றோர் உண்டு. அதனால் பெட்டை தப்பலாம், முட்டைகள் தப்பா. அடுத்தது குளிர்காலம். புதரையும் நாணலையும் மாடுகள் மேய்ந்து தீர்த்த பண்ணையில், பனிப்புயலுக்கு ஒதுங்க இடமிராது. பால் எரிங்டன் என்பவர் விஸ்கான்ஸினில் குளிர்காலந்தோறும் காடைகளை எண்ணிவந்து, ஒரு நிலம் மறைவிடமும் இரையும் உள்ள அளவுக்கே பறவைகளைக் காக்கும், மிகுதியானவை எவ்வாறேனும் அழியும் எனக் கண்டார். காடையில் ஐந்தில் நான்கு பங்கு ஒரு வருஷத்துக்குள் மடிவது இயல்பு. கோடையில் குஞ்சு பெருகினாலன்றி இனம் நில்லாது; குஞ்சுகளுக்கோ முதல் வாரங்களில் பூச்சியே முக்கிய ஆகாரம்; பூச்சிகள் பலவகைக் களையும் புல்லும் உள்ள இடத்திலேயே மிகுதி.

ஆகவே ரைலியார் ஒதுக்கிடங்களை வேலியிட்டு மாடு புகாமல் காத்தனர். மரமும் புதரும் வைத்தனர். பனிக்காலத்தில் தானியம் இட்டனர். இவையெல்லாம் குடியானவனுக்குச் செலவு, மேய்ச்சலிலும் நஷ்டம். சுடும் இன்பம் பட்டணத்தானுக்கும், நஷ்டம் குடியானவனுக்குமாயின் எந்தக் குடியானவனும் ஒதுக்கிடம் விடான். விடவேண்டுமென்று அவனைக் கேட்பதும் நியாயமன்று. சங்கம் அந்த நஷ்டத்தைப் பங்கிட்டதே அதன் சாமர்த்தியம்.

ஊரளவில் சங்கம் செய்ததைத் தேசமளவில் ஸர்க்கார் செய்தபோதும் பலன் அவ்வாறே இருந்தது. 1985-ம் வருஷச் சட்டப்படி, நிலத்தை உழாமல் பத்து அல்லது பதினைந்து வருஷம் புல்லாக விடுவோர்க்கு ஆண்டு வாடகை கொடுக்கப்பட்டது. 2007-ல் இவ்வாறு விடப்பட்ட நிலம் தேசமெங்கும் சுமார் 3 கோடியே 68 லக்ஷம் ஏக்கர்; அவ்வருஷம் தெற்கு டகோட்டாவில் மட்டும் பெஸண்டுகள் ஒரு கோடியே இருபது லக்ஷம் வரை மதிக்கப்பட்டன. பின்னர் சோள விலை உயரவே, தவணை முடிந்த நிலங்கள் பல உழவுக்குத் திரும்பின. காடையோ இதனினும் துரதிர்ஷ்டமுடையது. 1966 முதல் அதன் தொகை ஐந்தில் நான்கு பங்குக்குமேல் குறைந்துவிட்டது. இதற்கும் முக்கிய காரணம் வயலோரப் புதர்கள் ஒழிந்ததேயாம்.

வேட்டைப் பருவம் எவ்வாறிருக்கும் என்பதை முன்னறிய ஒரு கணக்கு முறையுண்டு. ஆகஸ்டு மாதத்து விடியலில் பனித்துளி கனத்திருக்கையில், பெட்டைகள் நனைந்த குஞ்சுகளை உலர்த்தக் கப்பிச் சாலையோரம் அழைத்து வரும். அயோவா மாகாணத்தில் உத்தியோகஸ்தர் முப்பது மைல் நீளமுள்ள சாலைகளில் மெதுவாக மோட்டார் ஓட்டி, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவர். ஒவ்வோர் ஆண்டும் அதே சாலை, அதே பருவம்; பனி விழாத நாளில் எண்ணுவதில்லை. இருக்கும் பறவைகளெல்லாம் இதில் அகப்படா. சென்ற வருஷத்துக்கு இவ்வருஷம் ஏற்றமா, இறக்கமா என்பதே தெரியும். தெற்கு டகோட்டாவிலும் இவ்வாறே எண்ணினர். 2013-ம் வருஷத்துக் கணக்கு முந்தைய வருஷத்தினும் நூற்றுக்கு அறுபத்துநான்கு குறைந்திருந்தது. முந்தைய கோடையில் வறட்சி. அவ்வருஷ வசந்தத்தில் குளிர்மழை. இவ்விரண்டும் முன்னரும் வந்தவையே. ஆனால் அவற்றைத் தாங்குவதற்கிருந்த புல்நிலத்தில் பெரும்பகுதி அதற்குள் உழப்பட்டிருந்தது.