முள் நகர்ந்ததா?

“பேட்டரி மாற்றி ஒரு வருஷம்கூட ஆகலையே!” கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பழைய செல் மட்டமானது என்று சொல்லிப் புதியதைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. அல்கலைன் செல்லின் மின்னழுத்தம் தொடக்கத்திலிருந்தே மெல்லச் சரியும். சில்வர் ஆக்சைடு செல் ஏறக்குறைய கடைசிவரை 1.55 வோல்ட்டில் நிற்கும். அளவு ஒன்றேதான், பெயர் எஸ்ஆர் என்று தொடங்கினால் சில்வர் ஆக்சைடு, எல்ஆர் என்றால் அல்கலைன்.

நல்ல செல்லே சீக்கிரம் தீர்ந்தால்?

கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. இதற்குச் செலவாகும் மின்சாரம் சொற்பம். முள்ளைத் தள்ளும் மோட்டார்தான் பெரும்பங்கைக் குடிக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் மாரியுஸ் லாவே 1936இல் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தது அது. துடிப்புக்கு அரைச் சுற்று சுற்றும் குட்டிக் காந்தம், அதற்கொரு கம்பிச் சுருள், அவ்வளவுதான்.

வியப்பு இனிமேல்தான். பல கடிகாரங்கள் வேண்டுமென்றே பலவீனமான துடிப்பைத்தான் முதலில் அனுப்புகின்றன. காந்தம் சுற்றி நிற்கும்போது லேசாக ஆடும். அந்த ஆட்டம் அதே சுருளில் துளி மின்னோட்டத்தை எழுப்பும். அதை வைத்தே முள் நகர்ந்ததா என்று மின்சுற்று கண்டுகொள்கிறது. நகரவில்லையென்றால் உடனே வலுவான துடிப்பு ஒன்று போகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. 1969 டிசம்பரில் வெளிவந்த சீகோ அஸ்ட்ரான் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குப் பேட்டரி ஆயுள் ஓராண்டுதான். பிற்காலக் கடிகாரங்கள் அதைவிடச் சிறிய செல்லில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடுவதில் இந்தச் சிக்கனத்துக்கும் பங்குண்டு.

எண்ணெய் காய்ந்து, பல்சக்கரத்தில் தூசி சேர்ந்தால் இந்த ஏற்பாடு குலைகிறது. மை போடாத வண்டியை இழுக்கும் மாடுபோல மோட்டார் திணற, வலுவான துடிப்பே வாடிக்கையாகிவிடும். நேரம் மட்டும் சரியாகக் காட்டும்! அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. செல்லை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மின்னோட்டத்தை மைக்ரோ ஆம்பியரில் அளந்து பார்க்கும் மெக்கானிக் இன்னும் இருக்கிறார். அவரிடம் துடைத்து எண்ணெய் விடக் கொடுப்பதுதான் நியாயமான செலவு.

சில நாள் கட்டாமல் வைப்பதானால், நேரம் திருப்பும் குமிழை வெளியே இழுத்துவிடலாம். பெரும்பாலானவற்றில் மோட்டார் நின்று மின்சாரம் மிச்சமாகும். தண்ணீரும் ஈரமும் மட்டும் அண்டக் கூடாது. நொடிமுள் இரண்டு நொடிக்கு ஒருமுறை, சில சுவிஸ் கடிகாரங்களில் நான்கு நொடிக்கு ஒருமுறை தாவத் தொடங்கினால் செல் முடியப்போகிறது என்று பொருள். நின்றுபோனதை அலமாரியில் போட்டு மறப்பதுதான் பெருங்கேடு. செத்த செல்லிலிருந்து கசியும் காரம் மின்சுற்றை அரித்துவிடும். மறுபடி கட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தச் செல்லை உடனே கழற்றிவிட வேண்டும்.