சொந்தப் பாட்டுக்கு ஒரு மேடை: சிறு அரங்க இசை நிகழ்ச்சிகள் எப்படி நடக்கின்றன?

கோலா தெர்லா, கம்போங் ராஜா, திரிங்காப் வட்டாரத் தோட்டப்புற இளைஞர்களின் கைப்பேசிக்கு அவ்வப்போது ஒரு சுவரொட்டிப் படம் வந்து சேர்கிறது. ஈப்போவிலோ, பெட்டாலிங் ஜெயாவிலோ, கோலாலம்பூரிலோ ஒரு சிறு அரங்கில் மூன்று நான்கு சுயேச்சை இசைக்குழுக்கள் வாசிக்கப் போகும் செய்தி அது. தேதி இருக்கும், நேரம் இருக்கும், முப்பது நாற்பது வெள்ளி என்று கட்டணமும் இருக்கும். ஆனால் கோயில் திருவிழா இசை நிகழ்ச்சிக்கும் தொலைக்காட்சி நட்சத்திர இரவுக்கும் பழகிய குடும்பங்களுக்கு இது புதிது. இவர்கள் யார், ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும், பிள்ளைகளை அனுப்பலாமா என்ற கேள்விகள் வீட்டில் எழுவது இயல்பே.

சுயேச்சைக் குழு என்றால் என்ன?

பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தமோ திரைப்படத் தயாரிப்பாளரின் பணமோ இல்லாமல், சொந்தமாகப் பாடல் எழுதி, சொந்தச் செலவில் பதிவு செய்து, தாங்களே மேடை தேடிக் கொள்ளும் குழுக்களையே சுயேச்சைக் குழுக்கள் என்கிறோம். திருமண விருந்திலும் திருவிழாவிலும் வாசிக்கும் இசைக்குழுக்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் புரியும். விருந்துக் குழுவிடம் மக்கள் தங்களுக்குத் தெரிந்த திரைப்பாடலைக் கேட்கிறார்கள். சுயேச்சைக் குழுவோ மக்களுக்கு இன்னும் தெரியாத தன் பாடலைப் பாடுகிறது. அதற்குத் துணிச்சல் வேண்டும். அதைக் கேட்கப் பொறுமையுள்ள கூட்டமும் வேண்டும்.

இது தோட்டப்புறத்துக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றும் அல்ல. தைப்பூசத்திலும் தீமிதித் திருவிழாவிலும் வாசிக்கும் உறுமி மேளக் குழுக்களை எண்ணிப் பாருங்கள். தோட்டத்துப் பையன்கள் ஒன்று சேர்ந்து, காசு போட்டுக் கருவி வாங்கி, வேலை முடிந்த மாலைகளில் பயிற்சி செய்து, ஊர் ஊராகப் போய் வாசிக்கிறார்கள். சில குழுக்கள் சொந்தப் பாடல்களைப் பதிவு செய்தும் வெளியிடுகின்றன. ‘சுயேச்சைக் குழு’ என்ற பெயர் மட்டும்தான் அவர்களுக்கு இல்லை.

நமக்கும் ஒரு வரலாறு உண்டு

மலேசியத் தமிழர்கள் குழு அமைத்துப் பாடுவது நேற்று தொடங்கிய வழக்கம் அன்று. பினாங்கில் உருவான ‘அல்லி கேட்ஸ்’ குழுவின் முன்னணியில் நின்றவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரு சகோதரர்கள். மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் புகழ்பெற்றார்கள். லோகநாதன் 2007ஆம் ஆண்டில் காலமானார்.

தமிழில் திருப்பம் 2006ஆம் ஆண்டில் வந்தது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் ‘யோகி பி & நட்சத்திரா’ என்ற பெயரில் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, தமிழ் ராப் இசையை இந்நாட்டு வீடுகளுக்குள் மட்டுமல்ல, தமிழ்நாட்டுக்கும் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பாட்டு போன அரிய சந்தர்ப்பம் அது.

தமிழ்நாட்டிலும் அதன்பின் சுயேச்சை மேடைகள் வலுத்தன. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னையில் 19 பேர் கொண்ட ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் ஒலித்தன. அக்குழுவில் பாடிய அறிவு, பின்னர் 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் சேர்ந்து வெளியிட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகெங்கும் கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையே அப்பாடலின் வேர் என்று அறிவு கூறியிருக்கிறார். தேயிலை மலைக் கதை உலகம் கேட்கும் பாட்டாக முடியும் என்பதற்கு கேமரன் மலை மக்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டாம்.

அரங்குகள் எங்கே?

கோலாலம்பூரில் 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸெப் அரங்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிற்கலாம். வெளிநாட்டுப் பெரும் குழுக்களுக்கான இடம் அது. சுயேச்சைக் குழுக்கள் வளர்வது அங்கே அல்ல. ஐம்பது பேர், நூறு பேர் கொள்ளும் சிறு இடங்களில்தான் அவை வளர்கின்றன. 1998ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கிய ‘நோ பிளேக் டை’ ஜாஸ் இசைக்கும் உள்ளூர் இசைக்கும் பெயர் பெற்றது. பெட்டாலிங் ஜெயாவின் ‘மெர்டேக்கார்யா’ சொந்தப் பாடல் எழுதுவோருக்கு மேடை கொடுத்துப் பெயர் வாங்கியது. இத்தகைய இடங்களில் ‘ஓபன் மைக்’ எனப்படும் திறந்த மேடை இரவுகளும் நடக்கும். முன்பதிவு செய்த யாரும் ஒன்றிரண்டு பாடல் பாடலாம். ஒரு புதிய குழுவுக்கு முதல் படி பெரும்பாலும் அதுதான்.

கேமரன் மலைக்கும் கலை மேடைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. இங்கே 1929ஆம் ஆண்டில் தொடங்கிய போ தேயிலைத் தோட்ட நிறுவனம், 2002ஆம் ஆண்டு முதல் மேடைக் கலைகளுக்கு ‘போ கேமரோனியன் கலை விருது’ வழங்க ஆதரவளித்தது. இசைக்கும் அதில் தனிப் பிரிவு இருந்தது. மலையில் கொழுந்து பறித்தவர்களின் உழைப்பில் விளைந்த பெயர் தலைநகர் மேடையில் விருதாக நின்றது. அந்த மேடையில் மலையின் பிள்ளைகளும் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை.

முப்பது வெள்ளி எங்கே போகிறது?

‘தெரிந்த பையன்கள்தானே வாசிக்கிறார்கள், டிக்கெட் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

டிக்கெட் 30 வெள்ளி, வந்தவர்கள் 80 பேர் என்று வைத்துக் கொள்வோம். வசூல் 2,400 வெள்ளி. அரங்கின் பங்கு 30 விழுக்காடு என்றால் 720 வெள்ளி. ஒலிப் பொறுப்பாளருக்கும் வாடகைக் கருவிகளுக்கும் 500 வெள்ளி. மிஞ்சுவது 1,180 வெள்ளி. மூன்று குழுக்கள் பிரித்துக் கொண்டால் ஒரு குழுவுக்கு 393 வெள்ளி. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு 78 வெள்ளி. பெட்ரோலும் சாலைக் கட்டணமும் இரவுச் சாப்பாடும் இதிலிருந்துதான்.

அதே நிகழ்ச்சிக்கு 40 பேர் மட்டும் வந்தால்? வசூல் 1,200. அரங்குக்கு 360, ஒலிக்கு 500 போக 340 வெள்ளிதான் மிஞ்சும். ஆளுக்கு 22 வெள்ளி. கூட்டம் பாதியானால் வருமானம் பாதியாவதில்லை. கால்வாசிக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் நிற்கிறது. இலவசமாக உள்ளே போகும் பத்து நண்பர்கள் ஒரு குழுவின் பெட்ரோல் காசை எடுத்துக் கொண்டு போகிறார்கள் என்பதே இதன் பொருள்.

முன்பதிவுக்கு விலை குறைவாகவும் வாசலில் கூடுதலாகவும் வைப்பதற்கும் இதுவே காரணம். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் ஏற்பாட்டாளர் நட்டத்துக்கு அஞ்சாமல் நிகழ்ச்சியை நடத்த முடியும். முன்பதிவு குறைவாக இருந்தால் நிகழ்ச்சியே ரத்தாகலாம்.

உரிமமும் பாடல் உரிமையும்

பொதுமக்கள் முன் இசை நிகழ்ச்சி நடத்த உரிமம் தேவை. இது மாநிலச் சட்டங்களின் கீழ் வருவதால் நிபந்தனைகள் இடத்துக்கு இடம் மாறும். கோலாலம்பூருக்கு 1992ஆம் ஆண்டின் சட்டமும் சிலாங்கூருக்கு 1995ஆம் ஆண்டின் சட்டமும் பொருந்தும். வெளிநாட்டுக் கலைஞர் வந்தால் ‘புஸ்பால்’ அமைப்பின் அனுமதியும் வேண்டும். 2023 ஜூலையில் சிப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் இசை விழாவில் ஒரு பிரிட்டிஷ் குழு மேடையில் நடந்து கொண்ட விதத்தால், மீதி இரண்டு நாள் நிகழ்ச்சிகளும் ரத்து செய்யப்பட்டன. அந்த இரு நாட்களில் வாசிக்கவிருந்த உள்ளூர்க் குழுக்களும் மேடையை இழந்தன.

அடுத்தது பாடல் உரிமை. பிறர் பாடலை மேடையில் பாடினால் அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய கட்டணம் போய்ச் சேர வேண்டும். மலேசியாவில் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய எம்ஏசிபி அமைப்பு இதற்கான அனுமதியை வழங்கி, வசூலைப் படைப்பாளிகளுக்குப் பங்கிடுகிறது. சொந்தப் பாடல் எழுதும் குழுவினர் அதில் உறுப்பினராகச் சேர்ந்தால், தங்கள் பாடல் வானொலியிலோ மேடையிலோ ஒலிக்கும்போது அவர்களுக்கும் பங்கு வர வழியுண்டு.

1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாடலை எழுதிப் பதிவு செய்த உடனேயே உரிமை பிறந்து விடுகிறது. படைத்தவர் ஆயுளுக்கும் அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். ஆனாலும் தகராறு வந்தால் சான்று காட்ட, மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் 2012 முதல் விருப்ப அடிப்படையில் அறிவிக்கை செய்து வைக்கலாம். யார் வரி எழுதியது, யார் மெட்டுப் போட்டது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைக் குழுவுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுவது அதைவிட முக்கியம். உலகமே கேட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். பேர்பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், புதிய குழுக்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

போகுமுன் பார்க்க வேண்டியவை

சுவரொட்டியில் ‘கதவு திறப்பு 8.00’ என்றால் இசை தொடங்குவது பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான். முக்கியக் குழு கடைசியில் வாசிக்கும். முதலில் வாசிக்கும் புதிய குழுக்களுக்காகச் சீக்கிரம் போவது நல்ல பழக்கம். நாளைய முக்கியக் குழு அவர்களே.

வயது வரம்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மது விற்கும் இடங்களில் சிறுவர்களை அனுமதிக்காமல் இருக்கலாம். 2017 டிசம்பர் முதல் மலேசியாவில் மது வாங்கும் குறைந்த வயது 21. எல்லா வயதினரும் வரலாம் என்று அறிவிக்கும் நிகழ்ச்சிகளும் உண்டு. பெற்றோர் அரங்கின் பெயரையும் முகவரியையும் முடியும் நேரத்தையும் கேட்டு வைத்துக் கொள்வது நல்லது.

திரும்பி வருவதைப் பற்றியும் முன்பே யோசிக்க வேண்டும். நிகழ்ச்சி முடிய நள்ளிரவு ஆகலாம். அந்நேரத்தில் மலைக்குப் பேருந்து கிடைக்காது. சிம்பாங் பூலாய்ச் சாலையில் இரவில் மூடுபனி இறங்கும். மழைக் காலத்தில் மண்சரிவும் உண்டு. நாலைந்து பேர் ஒரே காரில் போய், தூக்கம் வந்தால் ஈப்போவில் உறவினர் வீட்டில் தங்கி விடிந்ததும் ஏறுவதே பாதுகாப்பு.

மலையிலேயே நடத்தலாமா?

நடத்தலாம். தமிழ்ப்பள்ளி மண்டபம், கோயில் மண்டபம், சமூக மண்டபம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். இடத்துக்குப் பொறுப்பானவரின் எழுத்துப்பூர்வ சம்மதம், தோட்ட நிலமானால் நிர்வாகத்தின் அனுமதி, கேமரன் மலை மாவட்ட மன்றத்திலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே விசாரித்துப் பெறும் ஒப்புதல், பிறர் பாடல் பாடினால் அதற்கான உரிமை, இரவு எத்தனை மணிக்கு ஒலிபெருக்கி நிற்கும் என்ற உறுதி — இவ்வளவையும் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்கினால் பதற்றம் இருக்காது.

எளிய வழி ஒன்றும் உண்டு. திருவிழா மேடையில் திரைப்பாடல்களுக்கு நடுவே உள்ளூர்ப் பிள்ளைகளின் சொந்தப் பாடலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஆலய நிர்வாகத்துக்குக் கூடுதல் செலவில்லை. கருவியும் ஒலிபெருக்கியும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. கொழுந்துக் கூடையையும் பனியையும் லயத்து வாழ்க்கையையும் பாட கோலா தெர்லாவில் பிறந்த பிள்ளைக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பத்து நிமிடமும், காசு கொடுத்துக் கேட்க நாற்பது பேரும் கிடைத்தால் போதும்.