நாணல் தந்த கரும்பு

1880களில் ஜாவா தீவின் கரும்புக் கொல்லைகளில் ஒரு நோய் புகுந்தது. ஆளுயரம் தாண்ட வேண்டிய கரும்பு, கணுக்கள் நெருங்கிக் குறுகி, எலுமிச்சைப் புல் புதரைப் போல நின்றது. அந்தத் தீவில் எலுமிச்சைப் புல்லின் பெயர் 'செரே'. நோய்க்கும் அதே பெயர் நிலைத்தது. அங்கே பரவலாக நட்டிருந்த 'கறுப்புச் செரிபான்' என்னும் இனிப்புக் கரும்பால் அதைத் தாங்க முடியவில்லை.

ஆனால் அதே தீவின் சிரெமாய் மலைச்சரிவில் தானாக வளர்ந்திருந்த 'கசூர்' என்ற மெலிந்த கரும்பைச் செரே தீண்டவில்லை. காரணம் அதன் பிறப்பில் இருந்தது.

கரும்பும் நாணலும் ஒரே புல் குடும்பத்தின் நெருங்கிய உறவுகள். நம் ஆற்றங்கரைகளில் வெள்ளைக் கதிர் ஆட நிற்கும் நாணலின் ஜாவா வகைக்குக் 'கிளாகா' என்று பெயர். அதன் மகரந்தம் காற்றில் பறந்து செரிபான் கரும்பின் பூவில் விழ, மனிதக் கை படாமலே பிறந்த கலப்புதான் கசூர்.

குரோமோசோம் கணக்கும் இதை உறுதி செய்தது. கரும்பில் 80, கிளாகாவில் 112. வழக்கப்படி இரண்டிலும் பாதி, அதாவது 40, 56 சேர்ந்து 96 வர வேண்டும். கசூரிலோ 136 இருந்தன. தந்தையான நாணல் பாதியைத்தான் கொடுத்தது. தாய்க் கரும்பு தன் 80ஐயும் முழுதாகக் கொடுத்துவிட்டது.

கசூரில் சாறும் சர்க்கரையும் குறைவு. ஆகவே அதன் வழித்தோன்றல்களை இனிப்புக் கரும்புகளோடு மீண்டும் மீண்டும் சேர்த்தார்கள். அந்த வரிசையில் 1921ல் யெஸ்வீட் என்ற டச்சு அறிஞர் உருவாக்கியதே பி.ஓ.ஜே. 2878 என்ற கரும்பு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜாவாவின் கரும்பு நிலங்களில் பெரும்பகுதியை அது பிடித்தது. நாணலின் நோய் தாங்கும் வலுவும் கரும்பின் தித்திப்பும் ஒரே தண்டில் கூடியிருந்தன.

காற்று செய்த அந்தக் கலப்பைக் கோயம்புத்தூரில் மனிதர்கள் திட்டமிட்டே செய்தார்கள். 1912ல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் என்ற அறிஞர்கள் 'வெள்ளை' என்ற கரும்பை உள்ளூர் நாணலோடு சேர்த்தார்கள். அதில் பிறந்த கோ 205 வட இந்திய வயல்களுக்குப் போனது. அங்கே வழக்கத்தில் இருந்த ஒல்லியான நாட்டுக் கரும்புகளும், முன்பு எப்போதோ கரும்பும் நாணலும் இயற்கையாகக் கலந்து பிறந்தவை என்றே கருதப்படுகின்றன.

நாடு முழுதும் தேடிச் சேகரித்த நாணல் வகைகளைக் கோயம்புத்தூர் நிலையம் இன்றும் வளர்த்துக் காக்கிறது. வறட்சியையும் நோயையும் தாங்கும் புதிய கரும்புக்கான பெற்றோரை அந்தப் பாத்திகளிலிருந்தும் எடுக்கிறார்கள்.