வெயிலில் பயின்ற பனிவீரர்



நான் மல்லாங்கிணற்றில் வாழ்பவன். கரிசல் மண்ணும் கடும் வெயிலும் உடைய ஊர் அது. சித்திரை மாதத்து நண்பகலில் வெறுங்காலுடன் தெருவிலே பத்தடி நடப்பதும் அரிது. அத்தகைய ஊர்க்காரன் பனி விளையாட்டைப் பற்றிப் பேச வந்தானே என்று நீங்கள் நகைக்கக்கூடும். பனி இல்லாத காலத்தில் ஒரு பனிவீரன் என்ன செய்கிறான் என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

பனிச்சறுக்குப் பந்தயங்கள் குளிர்காலத்தில் நடைபெறுகின்றன. ஆயினும் வீரனை உருவாக்குவதில் கோடைக்கும் பெரும் பங்குண்டு. ஐரோப்பிய இளைஞர்கள் ஆல்ப்ஸ் மலையின் உயரத்தில், கோடையிலும் முற்றும் உருகாத பனியாறுகளுக்குச் சென்று பயில்வர். வேறு சிலர் நிலநடுக்கோட்டைக் கடந்து சிலிக்கும் நியூசிலாந்துக்கும் செல்வர். இங்கே நமக்கு ஆனி, ஆடி மாதங்கள் நிகழும்போது அங்கே குளிர்காலம் அல்லவா? நீங்கள் பூகோளத்தில் படித்த பருவமாற்றம் அவர்களுக்குப் பயிற்சி அட்டவணையாகிவிடுகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் மிகுந்த பொருள் வேண்டும். பொருளும் இல்லை, பனிப்பாதையும் இல்லை என்றால் என் செய்வது?

இவ்வினாவுக்கு விடையாக வாழ்ந்தவர் சிவ கேசவன். 1981-இல் பிறந்த இவருடைய ஊர், இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகிலுள்ள வசிஷ்ட். தந்தையார் கேரளத்தவர், தாயார் இத்தாலி நாட்டவர். இவர் மேற்கொண்டது லூஜ் என்னும் பந்தயம். ஒரு சிறு சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, வளைந்து செல்லும் பனிக்கட்டிப் பாதையில் பாய்ந்திறங்க வேண்டும். வண்டிக்குப் பிரேக் கிடையாது. கெண்டைக்காலால் அழுத்தியும் தோளைச் சற்றே சாய்த்தும் திசை திருப்புவர். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரையும் கடக்கும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காலத்தை அளப்பார்கள். இப்பந்தயத்துக்கு உரிய பனிப்பாதை இந்தியாவில் ஒன்றேனும் இல்லை.

கேசவன் என்ன செய்தார் தெரியுமா? வண்டியின் அடியிலுள்ள எஃகுத் தகடுகளுக்கு மாறாகச் சக்கரங்களைப் பொருத்தினார். இமயமலைச் சாலையே அவருடைய கோடைக்காலப் பயிற்சிக்களம் ஆயிற்று. லாரிகளும் கார்களும் ஆட்டு மந்தைகளும் செல்லும் அச்சாலையில் மல்லாந்து படுத்தபடியே அவர் விரைந்து இறங்கினார்.

இப்பயிற்சியால் விளைந்த பயனைச் சற்று ஆராய்வோம். பனிக்கட்டியின்மேல் எஃகு வழுக்கிச் செல்வதும், தார்ச்சாலைமேல் சக்கரம் உருண்டு செல்வதும் ஒன்றல்ல. உராய்வு வேறு, அதிர்ச்சி வேறு. எனவே பனிப்பாதையின் முழுப் பாடத்தையும் சாலை கற்பிக்காது. ஆயினும் உடலைத் தளரவிட்டு அசையாது கிடத்தல், வளைவு வருமுன்னே அதனைக் கணித்தல், நுண்ணிய அசைவால் திசை திருப்புதல், அச்சத்திலும் மனம் கலங்காதிருத்தல் ஆகியவற்றைச் சாலையும் கற்பித்தது. ஒரு கலையைப் பகுதிகளாகப் பிரித்து, கையிலிருக்கும் கருவியைக் கொண்டு பயிலத்தக்க பகுதி எது என்று கண்டுகொண்டதே அவருடைய அறிவு.

1998-இல் ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டவர் அவர் ஒருவரே. அப்போது அவருக்கு வயது 16. பெற்ற இடம் 28. அதன்பின் 2018 வரை மொத்தம் ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார், பதக்கம் கிட்டவில்லை. ஆனால் 2011-இல், அதே நாகானோவில், ஆசியப் போட்டியின் தங்கப் பதக்கத்தை வென்றார். 2020-இல் அவருக்கு அர்ஜுனா விருது அளிக்கப்பட்டது.

செல்வங்களே, ஒன்றை மறவாதீர்கள். பனிப்பாதைக்குக் காக்கும் சுவருண்டு. மலைச்சாலைக்கு அது இல்லை. அவர் சாலையில் இறங்கியது வேறு வழியின்மையால். அதனை நீங்கள் பின்பற்றலாகாது. ஓர் இளைஞன் லாரிகளின் நடுவே பயிலும் நிலை நேர்ந்தது அவருக்குப் பெருமை எனினும், களம் அமைத்துத் தராத பெரியோராகிய எங்களுக்குப் பெருமை அன்று.

இதைச் சொல்லும்போது என் பிழையொன்று நினைவில் உறுத்துகிறது. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஒரு மாணவன் என்னிடம் வந்து, "ஐயா, உயரம் தாண்டப் பழக வேண்டும்" என்றான். "மணற்குழி இல்லையே அப்பா, போய்ப் பாடத்தைப் படி" என்றேன். அவன் மறுபடி கேட்கவேயில்லை. கண்மாயிலிருந்து நாலு வண்டி மணல் கொண்டுவர அன்று என்னால் இயலாததன்று. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பின்னாளில் கேசவனின் சக்கர வண்டியைப் பற்றி அறிந்தபோது, இல்லாதது மணற்குழி அன்று, என் முயற்சியே என்று உணர்ந்தேன்.

ஆதலால் மாணவர்களே, உங்களிடம் ஒருவர் "வசதி இல்லை" என்றால் அத்துடன் திரும்பிவிடாதீர்கள். "இருப்பதைக் கொண்டு இதில் எந்தப் பகுதியைத் தீங்கின்றிப் பழகலாம், ஐயா?" என்று மறுபடியும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்காகக் காத்திருக்கும் ஆசிரியர்களும் உண்டு.